சும்மா இருந்தே கெடும் பிரேக்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே தொண்டி வரை போனாலும், தெற்கே ஏர்வாடி, சாயல்குடி என்று இறங்கினாலும் வண்டியைத் திணறவைக்கிற ஒரு மேடு கிடையாது. ஏறி இறங்குகிற அனுபவம் வேண்டுமென்றால் பாம்பன் சாலைப் பாலம்தான். மற்றதெல்லாம் உப்பளப் பாத்தி மாதிரி மட்டமான தரை. அதனால் இந்தப் பக்கம் கார் ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிப்பது குறைவு. ஆடு குறுக்கே வந்தால் மிதிப்பார், ஊர் வந்தால் மிதிப்பார், பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவர்களைக் கண்டால் மிதிப்பார்.

பிரேக் குறைவாகத் தேய்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கே அது நல்லதாக முடிவதில்லை. கொடைக்கானல் சாலையில் பிரேக் கெடுவது சூட்டால். நம் கடற்கரையில் அது சும்மா இருந்தே கெடுகிறது. மிதிக்காத பிரேக் காய்வதில்லை, துருவைத் தேய்த்துத் தள்ளுவதில்லை, நகர வேண்டிய பாகம் நகராமல் உப்போடு சேர்ந்து ஒட்டிப்போகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால், 'பிரேக்கை மாடிஃபை பண்ணலாமா' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். கடையிலும் யூடியூபிலும் காட்டுகிற ஓட்டை போட்ட டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), பெரிய காலிப்பர் (பேடை அழுத்தும் கவ்வி), ரேஸ் பேட் (தட்டில் உரசும் கட்டை) எல்லாமே சூட்டுக்கான மருந்து. நமக்கு வந்திருப்பது வேறு நோய்.

'பிரேக் பிடிக்கல' என்று சொல்கிறவர் நாலைந்து வெவ்வேறு குறைகளில் ஒன்றைச் சொல்கிறார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் திரவம் போகிற லைனில் காற்று. மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் உருளை) சீல் போயிருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. கல் மாதிரி இறுகியிருந்தால், கால் அழுத்தத்தைப் பெருக்குகிற பூஸ்டர் வேலை செய்யவில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறது, எதிர்ச் சக்கரத்தில் பிடிக்கவில்லை. பெடல் சரியாக இருந்தும் வண்டி நிற்க நேரமெடுத்தால் பேடிலோ டிரம்மிலோ ஆயில் பட்டிருக்கும், அல்லது காலிப்பர் ஜாம். இதில் எந்தக் குறைக்கும் பெரிய டிஸ்க் தீர்வு கிடையாது. ஜாம் ஆன காலிப்பரை அப்படியே விட்டுவிட்டு விலை கூடின பேட் போடுவது, வலை கிழிந்திருக்க எஞ்சினை மாற்றுகிற கதை.

நம் பிரேக்கின் சக்தி போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் (எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். ஏபிஎஸ் உள்ள வண்டியை, முன்னும் பின்னும் யாருமில்லாத காய்ந்த நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, பெடலை ஒரேயடியாக அழுத்துங்கள். காலடியில் கடகடவென்று துடித்தால், பிரேக் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடித்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிதான். துடிக்கிற வண்டிக்குப் பெரிய டிஸ்க் போட்டாலும் அதே தூரத்தில்தான் நிற்கும். தேய்ந்த டயரை மாற்றினால் குறையும்.

கணக்காகவே பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், நல்ல தார் ரோட்டில் முழுப் பிரேக் பிடித்தால் சுமார் 36 மீட்டரில் நிற்கும். மிதிக்கலாம் என்று மூளை சொல்லிக் கால் போய்ச் சேருவதற்குள் ஒரு விநாடி, அதில் 22 மீட்டர் தனி. கச்சான் காற்று வீசும் காலத்தில் தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும்போது டயரின் பிடி பாதியாகக் குறைந்தால், அந்த 36 மீட்டர் 72 ஆகிவிடும். எந்தக் காலிப்பரும் அங்கே உதவாது. 40-இல் போவது உதவும். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் நாலில் ஒன்று.

உப்பு எங்கே உட்காருகிறது

சாதாரணக் கார்களின் முன்சக்கரத்தில் இருப்பது மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும், அதாவது உள்பக்கம் இருக்கும். மிதித்ததும் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அழுத்திய வேகத்தில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களில் வழுக்கிப் பின்னால் நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்து டிஸ்க்கில் சேர்க்கும். அந்த இரண்டு பின்கள் வழுக்கினால்தான் பிரேக் முழுசாகப் பிடிக்கும். பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் ஒரு நூலளவு கிழிந்தாலும் ஈரமான உப்புக்காற்று உள்ளே போய், கிரீஸ் கெட்டியாகி, பின் துருப்பிடித்து நின்றுவிடும். அதன்பின் உள்பேட் மட்டும் தேயும். உள்பேட் 2 மில்லிமீட்டருக்கு வந்திருக்கும்போது வெளிப்பேட் 8 மில்லிமீட்டர் இருக்கும். வீல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பேட்தான். 'இன்னும் நிறைய இருக்கே' என்று திருப்தியாகப் போகிற இடம் இதுதான். சக்கரத்தைக் கழற்றாமல் பேட் பார்த்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது இடம், பேடின் இரு காதுகளும் உட்காருகிற பிராக்கெட் பள்ளம். அங்கே மெல்லிய எவர்சில்வர் கிளிப் ஒன்று இருக்கும். கிளிப் துருப்பிடிக்காது. அதற்கு அடியில் உள்ள இரும்பு துருப்பிடித்து, உப்பிப் பொருமி, கிளிப்பை உள்பக்கம் தள்ளும். பள்ளம் குறுகி, பேட் இறுகிக்கொள்ளும். புதுப் பேட் வாங்கி வந்து போட்டால் உள்ளே போகாது. உடனே கிரைண்டரை எடுத்துப் பேடின் காதைத் தேய்ப்பார்கள். வீட்டில் நடக்கிற மாற்றங்களில் அதிகம் நடப்பது இதுதான். தேய்த்த காது பள்ளத்தில் ஆடும், சாய்ந்து தேயும், வெயில் காலத்தில் தளர்வாகவும் மழைக்காலத்தில் துரு ஏறி மறுபடி இறுக்கமாகவும் நிற்கும். குற்றம் பேடில் இல்லை, பிராக்கெட்டில் இருக்கிறது. கிளிப்பைக் கழற்றி, அடியிலுள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். புதுக் கிளிப் போட்டால் பேட் விரலால் தள்ளினாலே போகும். பத்து நிமிட வேலை.

மூன்றாவது, காலிப்பரிலிருந்து காற்றையும் பழைய திரவத்தையும் வெளியே விடுகிற ப்ளீடிங் நிப்பிளின் தலையில் உள்ள சின்ன ரப்பர் மூடி. மெக்கானிக் கழற்றி எங்காவது வைப்பார், திரும்பப் போட மறந்துவிடுவார். மூடியில்லாத நிப்பிளின் துளையில் உப்பு இறங்கி, இரண்டு வருடம் கழித்துத் திறக்கப் போனால் நிப்பிள் முறிந்து காலிப்பரோடு தங்கிவிடும். வால்வு மூடி விலையில் கிடைக்கிற பொருளுக்காகக் காலிப்பரே மாற்ற வேண்டிவரும்.

காரைக் கழுவுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய்த் திரும்பினால் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில்? இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் போர்த்தண்ணீர் உவர்ப்பு. நாக்கில் வைத்துப் பார்த்துக் கரித்தால், அந்தத் தண்ணீரில் பிரேக்கைக் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவது. மேல்பாடியை எதில் கழுவினாலும் கழுவுங்கள், நான்கு சக்கரத்துக்கு மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ மழைத்தண்ணீரோ சக்கரத்துக்கு அரைக்குடம் ஒதுக்கினால் போதும். பிரஷர் வாஷ் வேண்டாம். அது பூட்டின் விளிம்பைத் தூக்கி உள்ளே தண்ணீரை ஏற்றும். கழுவிய கையோடு நிறுத்தாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, ஏழெட்டு முறை மிதித்து டிஸ்க்கைச் சூடாக்கிக் காயவையுங்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்கள் தார்ப்பாய்க்கு அடியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால், பின்சக்கர டிரம்முக்குள் உரசுகிற ஷூ அந்த டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, இரண்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டில் யாராவது தெருக்கோடி வரை ஓட்டி மிதித்து வந்தால் இன்னும் நல்லது. காலையில் முதல் இரண்டு மிதிக்குக் கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிட்டால் அது இரவுத் துரு, பயப்பட வேண்டாம்.

படகுக் கை காரில் படும்போது

இந்தக் கரையில் இரும்புவேலை தெரிந்த கை நிறைய உண்டு. விசைப்படகு எஞ்சினை மணலில் வைத்தே பிரித்துக் கோர்க்கிறவர்கள். அந்தத் திறமைதான் பிரேக்கில் ஆபத்தாக முடிகிறது, ஏனென்றால் படகில் சரியாக இருக்கிற வழக்கங்கள் சில பிரேக்கில் அப்படியே தப்பு.

முதலில் எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் போல்ட். கடலில் துரு பிடிக்காது, ஆகவே காலிப்பருக்கும் அதையே போடலாம் என்று நினைப்பது இயல்பு. போல்ட்டின் தலையைப் பாருங்கள். காலிப்பர் பிராக்கெட் போல்ட்டில் பெரும்பாலும் 10.9 என்று பொறித்திருக்கும். கடையில் கிடைக்கிற எஸ்.எஸ். போல்ட்டில் ஏ2-70 என்று இருக்கும். 10.9 என்றால் இழுவை வலு 1000 மெகாபாஸ்கல், நிரந்தரமாக நீளத் தொடங்குவது 900-இல். ஏ2-70-க்கு இழுவை வலு 700, நீளத் தொடங்குவது 450-இல். அதாவது சரிபாதி. மேனுவலில் சொன்ன இறுக்கத்தை எஸ்.எஸ். போல்ட்டுக்குக் கொடுத்தால் முறுக்கும்போதே நீண்டுவிடலாம். நீண்ட போல்ட் தளரும். போதாததற்கு, எஸ்.எஸ். மரை இறுகும்போது ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. இறுக்கம் வந்துவிட்டது என்று கை சொல்லும், உண்மையில் இறுகியிருக்காது. ஒரிஜினல் போல்ட்டில் சாம்பல் நிறத்தில் துத்தநாகப் பூச்சு இருக்கும். துருப்பிடித்தால் அதே போல்ட்டைக் கம்பெனி பாகமாகவே வாங்குங்கள்.

அடுத்து பைப். பின் ஆக்சிலுக்கு மேலே, கிளிப் பிடிக்கிற இடத்தில்தான் பிரேக் பைப் முதலில் துருப்பிடிக்கும். மண்ணும் உப்பும் கிளிப்புக்குள் தங்குவதால். அதை மாற்ற ஏசி மெக்கானிக்கிடம் இருக்கிற செம்புக் குழாயை வாங்கி, ஒற்றை மடிப்பில் வாய் விரித்துப் போடுவார்கள். இன்னும் மோசமாக, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, டீசல் ஹோஸ் சொருகி இரண்டு பக்கமும் கிளாம்ப் முறுக்குவார்கள். அந்தப் பைப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டால் இந்த ஆசை போய்விடும். காலால் 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள். பெடலின் நெம்பு அதை 4 மடங்காக்கி 120 ஆக்குகிறது. பூஸ்டர் 3 மடங்கு என்று வைத்தால் 360. மாஸ்டர் சிலிண்டர் 20 மில்லிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 115 கிலோ. உங்கள் டயரில் இருப்பது 2.3. அதைப்போல 50 மடங்கு. பதறி மிதிக்கும்போது இன்னும் கூடும். டீசல் ஹோஸ் தாங்குகிற வேலையில்லை இது. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது தாங்கியது என்பது சாட்சியே ஆகாது, ஏனென்றால் அது பிய்யப்போவது நீங்கள் பதறி மிதிக்கிற அந்த ஒரு முறைதான்.

பிரேக் பைப் 4.75 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரட்டைச் சுவர் இரும்புக் குழாய். வாய் இரட்டை மடிப்பாகவோ குமிழ் வடிவிலோ இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. சுத்தச் செம்பு அதிர்விலேயே இறுகி வெடிப்பு விடும். நிக்கல் கலந்த செம்புக் குழாய் கடற்கரைக்கு உண்மையிலேயே நல்லது, துரு பிடிக்காது, ஆனால் அதையும் சரியான வாய் வைக்கிற கருவி உள்ளவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்கிற வேலை கிடையாது.

மூன்றாவது தப்புக்குக் காரணம் ஒரு பெயர். நாம் எல்லாரும் 'பிரேக் ஆயில்' என்கிறோம். அது ஆயிலே இல்லை. கார்களில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகைத் திரவம், தண்ணீரோடு கலக்கும். ஆயில் என்று பெயர் இருப்பதால், அளவு குறைந்திருக்கிறதே என்று கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றிவிடுகிறார்கள். பிரேக்கின் ரப்பர் சீல்கள் பெட்ரோலியம் பட்டால் உப்பி வீங்கும். முதல் அடையாளம் பிரேக் திரவ டேங்கின் மூடியில் தெரியும்: உள்ரப்பர் ஊறிய அப்பளம் மாதிரி நெளிந்திருக்கும். அது தெரிந்துவிட்டால் திரவத்தை மாற்றினால் மட்டும் தீராது. மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர், ஹோஸ், ஏபிஎஸ் யூனிட் என்று ரப்பர் உள்ள எல்லாமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

காலிப்பரை டீசலிலும் மண்ணெண்ணெயிலும் அலசுவதும் இதே குற்றம். சேசிஸ் கிரீஸை ஸ்லைடு பின்னில் அப்புவதும் இதே. துருவுக்குப் பயந்து வண்டியின் அடியில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பது நம் பக்கம் பழக்கமாகவே இருக்கிறது. அடிக்கிறவர் சக்கரத்தை மூடிவிட்டா அடிக்கிறார் என்று நின்று பாருங்கள். டிஸ்க்கில் ஒரு வீச்சு பட்டால் அந்தச் சக்கரத்தின் பேட் குப்பைக்குத்தான். ஆயில் குடித்த பேடைத் தணலில் சுட்டு எடுப்பதெல்லாம் வேண்டாம், ஒட்டுப் பசை விட்டுப்போகும்.

கடையில் விற்கிற ஆசைகள்

டிஸ்க்கில் ஓட்டை போடுவது: டிஸ்க் வார்ப்பிரும்பு. உள்ளூர் லேத்தில் டிரில் போட்டால், நடுவிலுள்ள காற்று விலாக்களைப் பார்க்காமல் துளை விழும், ஒவ்வொரு துளையின் விளிம்பிலிருந்தும் வெடிப்பு கிளம்பும். நம் பக்கத்தில் அந்தத் துளைகளில் உப்பும் மணலும் போய் அடைந்துகொள்ளும். லாபம் ஒன்றுமில்லை.

லேத்தில் டிஸ்க்கைச் சீவுவது வேறு விஷயம். சீவலாம், அளவு அனுமதித்தால். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுத்தொப்பியிலோ பொறித்திருக்கும். புதிதாக 20 மில்லிமீட்டர் இருந்தால் 18 வரை என்பது மாதிரி. சாதாரண வெர்னியரால் நேராக அளந்தால் ஓரத்தில் நிற்கிற துரு உதட்டில் தட்டி, தடிமன் கூடுதலாகக் காட்டும். உதட்டுக்கு உள்ளே, டிஸ்க்கின் இரு முகத்திலும் ஒரே மாதிரி இரண்டு ஒரு ரூபாய்க் காசு வைத்து அளந்து, காசுகளின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். டிரம்முக்கும் எல்லை உண்டு. 180 மில்லிமீட்டர் டிரம் 182-ஐத் தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பின்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதுதான் பார்க்க அழகாக இருந்து ஆளை ஏமாற்றுவது. மிதித்ததும் வண்டியின் எடை முன்னால் சாயும், பின்சக்கரம் இலேசாகும். அதனால்தான் கம்பெனி பின்பக்கத்துக்குக் குறைவான பிரேக் கொடுத்திருக்கிறது. அந்த விகிதத்தைக் கலைத்துப் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால், வண்டி தன் வாலைத் தான் முந்தப் பார்க்கும், அதாவது சுழலும். ஏபிஎஸ் அதைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது, அதன் கணக்கும் பழைய பாகங்களுக்குப் போட்டது. பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பர் போட்டால் திரவம் அதிகம் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டரால் பெடல் ஆழமாகப் போகும். ஹேண்ட்பிரேக் கேபிளை எதில் கட்டுவது என்ற கேள்வி கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்த வண்டியில் பின் டிஸ்க் புதிதாக முளைத்திருந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்காமல் போகமாட்டார்.

வீட்டில் செய்யக்கூடியது

சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது, ஸ்லைடு பின் சுத்தம், பேட் மாற்றம், திரவ மாற்றம். இந்த நாலும் பொறுமை உள்ளவர் வீட்டில் செய்யலாம். அதுவும் சாதாரண மிதக்கும் காலிப்பர் உள்ள முன்சக்கரத்தில் தொடங்குங்கள்.

முதல் எதிரி நம் வீட்டு முற்றத்து மணல். ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். சிமென்ட் தளம் இல்லையென்றால் ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பலகை ஒன்றை மணலைச் சமப்படுத்திப் போட்டு, அதன் மேல் ஜாக்கி. எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை. வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

கீழ் ஸ்லைடு பின் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கலாம், அல்லது இரண்டையும் கழற்றிக் காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடலாம். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. டிரம்மாக இருந்தால் உள்ளே உள்ள தூசியைக் கம்ப்ரஸர் வைத்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போடுங்கள்.

பின்கள் இரண்டையும் உருவுங்கள். சில வண்டிகளில் ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், எது மேலே எது கீழே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிரீஸைப் பிரேக் கிளீனரில் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். நிறைய அப்பினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின் திரும்ப வெளியே தள்ளும். பின்னில் குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் புதுசு வாங்குங்கள். பூட்டும் சேர்த்து.

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் டேங்க்கிலிருந்து 20 மில்லி சிரிஞ்சால் கொஞ்சம் திரவம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பொங்கிப் பெயின்டைத் தின்னும். பின் டிஸ்க் உள்ள வண்டிகள் பலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். தள்ளினால் உடையும். தள்ளும்போது முன் பிஸ்டன் சி-கிளாம்ப்பில் நிதானமாகப் போக வேண்டும். கையை முறித்துக்கொண்டு போனால் உள்ளே உப்பு போய்க் குழி விழுந்திருக்கிறது, காலிப்பரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கோர்க்கும்போது, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். சின்னக் கார்களில் ஸ்லைடு பின் போல்ட் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், வீல் நட் 85 முதல் 110 என்ற அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் சரியான எண் அதன் மேனுவலில்தான் இருக்கிறது. 100 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீளக் கைப்பிடியில் 20 கிலோ. நட்டின் மேல் ஏறி நின்று மிதிக்கிற பழக்கம் அதைப்போலப் பல மடங்கு.

திரவ மாற்றத்தை நம் கடற்கரையில் இரண்டு வருடத்துக்கு மேல் தள்ளக் கூடாது. ஈரக்காற்றிலிருந்து தண்ணீரை இழுப்பது அந்தத் திரவத்தின் குணம். புது டாட் 3 கொதிக்க 205 டிகிரி, டாட் 4-க்கு 230. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அதே இரண்டும் 140, 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். ராமநாதபுரத்தில் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது, அவ்வளவு சூடு இங்கே வராது. மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்த் திரும்பும்போது தெரியும். 1400 கிலோ எடையோடு 1800 மீட்டர் இறங்குவது, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 70 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமமான சூடு. கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறக்கினால் திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். ஆறியதும் பெடல் திரும்ப வந்துவிடும். மெக்கானிக் பார்த்தால் 'எல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்பார். கடற்கரையில் குடித்த தண்ணீர் மலையில் வேலையைக் காட்டும்.

ஒரு சின்னக் காருக்கு அரை லிட்டர் பாட்டில் இரண்டு போதும். போன வருடம் திறந்து மூடி வைத்த பாட்டில் வேண்டாம். டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிகான், இதோடு கலக்காது. பழையதைச் சிரிஞ்சால் இழுத்துவிட்டுப் புதியதை நிரப்பி, மேனுவல் சொல்கிற வரிசையில் ஒவ்வொரு சக்கரமாக: நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், அதன் மறுமுனை கொஞ்சம் திரவம் உள்ள பாட்டிலுக்குள். உள்ளே ஒருவர் 'அமுக்கியாச்சு' என்றதும் கால் சுற்றுத் திறந்து, பெடல் கீழே போனதும் மூடிவிட்டு, பிறகுதான் 'விடு' என்று சொல்ல வேண்டும். தெளிந்த நிறம் வரும்வரை, சக்கரத்துக்கு 100 முதல் 150 மில்லி. பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இதுவரை போகாத ஆழத்துக்குப் பிஸ்டன் போனால், அங்கே படிந்திருக்கிற துரு மாஸ்டர் சிலிண்டரின் சீலைக் கிழிக்கும். நடுவில் டேங்க் வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது. ஐந்து அழுத்தத்துக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். நிப்பிள் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், மூடியை மறக்காமல் போடுங்கள்.

பேட் மாற்றிய பின் சாவியைத் திருகும் முன்பே பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பார்க்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை, முதல் மிதி வெறும் காற்றாகத் தரைக்குப் போகும். ரிவர்ஸில் வெளியே வந்து காம்பவுண்டுச் சுவரில் மோதுகிற கார்களில் சில இப்படித்தான். பிறகு எஞ்சினை நிறுத்தியபடி ஐந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். அதுதான் பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம். அப்படியே அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மேலும் இறங்கக் கூடாது.

அடுத்து, புதுப் பேட் டிஸ்க்கோடு பொருந்திப் பழக வேண்டும்: காலை ஆறு மணிக்கு ஆளில்லாத சாலையில் 50-லிருந்து 10 வரை மிதமாக, முழுசாக நிறுத்தாமல், பத்து முறை. இடையில் அரை நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரவு நான்கு சக்கரத்துக்கு உள்பக்கமும் ஒவ்வொரு பழைய நாளிதழ்த் தாள் விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் ஒரு தாளில் ஈரம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். வழுவழுவென்று வந்து, தண்ணீர் ஊற்றினால் கரைந்து போனால் அது பிரேக் திரவம்தான். அன்றைக்கு ராமநாதபுரம் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் போய், மெக்கானிக்கைக் கையோடு கூட்டி வாருங்கள்.